கடைசி வாங்கில் ஏழு பேர்

கோயில்ல நித்திரை கொள்ளுறவ எண்டு என்னைச் சொல்லுவாங்க. ஓம், கொள்ளுறனான்தான். அதுக்கென்ன இப்ப? முப்பத்திநாலு வருசம் மிட்வைப்பா வேலை செஞ்சவ நான். ஆர் எந்த நேரம் வந்து கேற்றைத் தட்டினாலும் எழும்பிப் போனவ. ஞாயித்துக்கிழமை காலையில கடல் காத்து முகத்தில பட, கண் சொருகினா அது என்ட குற்றமா? ஆண்டவருக்கு என்னைத் தெரியும். அவர் ஒண்டும் சொல்லல்ல. செல்லத்தம்பி அண்ணன்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறார்.

எங்கட கோயில் கல்முனைக்குத் தெற்கால, கடலுக்கு ரெண்டு தெரு இஞ்சால இருக்கு. சின்னக் கோயில், சனம் குந்தியிருக்க எட்டு வாங்கு. சுத்திவர முஸ்லிம் வீடுகள். அவங்க எங்களை வேதக்காரர் எண்டுவாங்க, கோயிலை வேதக்கோயில் எண்டுவாங்க. வெள்ளிக்கிழமைதான் இந்த ஊர் அடங்குற நாள். ஞாயிறு எண்டா கடையெல்லாம் திறந்திருக்கும், மீன்காரன் கூவிக்கொண்டு போவான், புள்ளையள் டியூசனுக்குச் சைக்கிள்ல பறக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில எங்கட மணி பன்னிரண்டு தரம் அடிக்கும். அடிக்கிறது செல்லத்தம்பி அண்ணன். எழுபத்திரெண்டு வயசு. ஒரு காது கேக்காது. கேக்குற காது மணிப் பக்கம் வாறமாதிரி நிண்டுதான் கயிறை இழுப்பார்.

அவர் ஒராள். நான் ஒராள். மூண்டாவது கிருசிகா. பேங்கில வேலை செய்யிற புள்ளை, பாட்டெல்லாம் எடுத்துக் குடுக்கிறது அவதான். அவட மனுசன் கட்டாரில. மடியில எட்டு மாசக் கைக்குழந்தை. ஆக, மூண்டரை பேர். இதுதான் எங்கட சபை.

வாசல் கிழக்குப் பாத்தது. ஏழு மணிக்கு வெயில் உள்ளுக்க வந்து, முன்வாங்கில தொடங்கி ஒவ்வொரு வாங்காப் பின்னுக்கு இறங்கும். செல்லத்தம்பி அண்ணன் வேதம் வாசிக்கிற சத்தம் தூரத்தில வள்ளத்து எஞ்சின் போற மாதிரிக் கேக்கும். கண்ணை மூடினனெண்டா வாங்கெல்லாம் நிறைஞ்சிரும். கனடாவுக்குப் போன சனம் குளிருக்குப் போட்ட ஜம்பரையும் கழட்டாம வந்து குந்தும். கலவரத்தோட மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பி வராத சனம் வரும். சுனாமி கொண்டுபோன புள்ளையள் முன்வாங்கில தலை துவட்டாம இருந்து காலை ஆட்டும். செத்துப் பத்து வருசமான என்ட மனுசன் கதவோரம் நிண்டு, லேட்டா வந்தா நிக்கிற மாதிரியே நிப்பார். வெயில் அவங்கட மடியில எல்லாம் விழும். பிறகு குழந்தை அழும், நான் கண்ணைத் திறப்பன், எட்டு வாங்கும் வெறும் வாங்கு. சில நாள் எனக்கு அழுகை வரும். சில நாள் கோபம் வரும். ஆரோட கோபம் எண்டு கேட்டாச் சொல்லத் தெரியாது.

இப்பிடி இருக்கக்குள்ளதான் ஒரு திங்கக்கிழமை போதகர் ஐயா போன் எடுத்தார். பவிதரன் ஐயா, முப்பது வயசுகூட இல்ல, நல்ல புள்ளை. மாசத்தில ஒரு ஞாயிறு மட்டும் எங்களிட்ட வருவார். மற்ற ஞாயிறெல்லாம் நாங்களே செய்வம்.

"அன்ரி, ஒரு கதை சொல்ல வேணும். கோவிக்கக் கூடாது" எண்டார்.

கோவிக்கக் கூடாது எண்டு சொல்லிக்கொண்டு வாற கதையில நல்ல கதை எது? சேகரத்தில, இந்தப் பக்கத்துக் கோயில் எல்லாத்தையும் பாக்கிற மேலிடத்தில, ஒரு சட்டம் போட்டிருக்காங்களாம். பத்துப் பேருக்குக் குறைஞ்ச கோயில்கள்ல இனி ஞாயிறு ஆராதனை இல்லையாம். அந்த ஆக்கள் டவுன் கோயிலுக்கு வரவேணுமாம். வாற மாசம் முதல் ஞாயிறு அவர் வந்து ஆள் எண்ணிப் படிவம் நிரப்பிக் குடுக்கவேணும். குறைஞ்சா, கோயிலைப் பூட்டித் திறப்பை அவரிட்டக் குடுக்கிற.

"டவுனுக்கு ஓட்டோ பிடிச்சு வரலாம்தானே, அன்ரி. அங்கயும் அதே ஆண்டவர்தானே" எண்டார், மெதுவா.

எனக்கு ஆத்திரம் வந்து போனை வெச்சிட்டன். வெச்ச பிறகுதான் என்ன சொல்லியிருக்க வேணுமெண்டு வாயில வந்திச்சு. அதே ஆண்டவர்தான், ஆர் இல்லையெண்ட? டவுன் கோயில்ல நூறு பேர். அங்க நான் போனா நூற்றியொராவது ஆள், போகாட்டியும் ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்ச நான் படுத்திட்டா அண்டைக்கு ஜெபம் சொல்ல ஆளில்ல. இந்த ஊரில இத்தின ஆயிரம் வாய் இருக்கு. இயேசு எண்ட பேரைச் சொல்லிக் கும்புடுறது மூண்டே மூண்டு வாய். அதையும் ஓட்டோவில ஏத்தி டவுனுக்குக் கொண்டுபோனா இஞ்ச என்ன மிஞ்சும்? எனக்கு வேண்டிக் கிடந்தது இவ்வளவுதான்: இந்த மண்ணில, இந்தக் கோயில்ல, ஞாயிறு ஏழு மணிக்கு அந்தப் பேர் சொல்லப்பட வேணும். அதுக்காக நான் என்னவும் செய்வன் எண்டு அண்டைக்கு நினைச்சன்.

ரெண்டு நாளில கதை வேலி தாண்டிப் போயிட்டு. என்ட பக்கத்து வீடு அச்சிமுகம்மது நானாட வீடு. வயல்காரன். வெள்ளைத் தாடி, பெரிய சிரிப்பு. நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த முதல் வருசம் அவர்ட மூத்தவன் முஸ்தாக்கைப் பெறவெச்சது நான்தான். அண்டையில இருந்து எனக்கு அந்த வீட்டில மிஸ்ஸி எண்டு பேர். இப்ப ஊருக்கே மிஸ்ஸி.

"மிஸ்ஸி, கோயிலை மூடப் போறாங்களாமே?" வேலிக்கு அங்கால நிண்டு கேட்டார்.

"ஆர் சொன்ன?"

"செல்லத்தம்பி அண்ணன் ஸப்ரிட கடையில சொல்லியிரிக்கார். காது கேக்காத மனிசன் கதைச்சா ஊருக்கே கேக்கும்தானே. எத்தின பேர் காணாதாம்?"

"பத்து வேணுமாம் நானா. நாங்க மூண்டு. குழந்தையைச் சேத்தா மூண்டரை."

நானா தாடியைத் தடவினார். பிறகு நல்லாக் கவலைப்பட்டுச் சொன்னார்: "மூண்டு எங்க மிஸ்ஸி? ஒராள்தானே."

"என்ன ஒராள்?"

"செல்லத்தம்பி அண்ணன். நீங்களும் அந்தப் புள்ளையும் பொம்புளையள்தானே. கணக்கில வரமாட்டீங்களே."

எனக்கு விசர் பிடிச்சுது. "என்ன நானா கதைக்கிறீங்க? இந்த ஊரில முக்காவாசி ஆம்புளையளத் தலை பிடிச்சு வெளியில எடுத்தவ நான். நான் கணக்கில இல்லையா?"

வீட்டுக்குள்ள இருந்து நானாட பெண்சாதி றாஹிலா ராத்தா சிரிக்கிற சத்தம் கேட்டுது. "நல்லாக் கேளுங்க மிஸ்ஸி!" எண்டா. நானா கையிரண்டையும் தூக்கி, கோவிக்காதீங்க கோவிக்காதீங்க எண்டார். பிறகுதான் விளங்கப்படுத்தினார். அவங்களுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை கூடுறதுக்கு நாப்பது ஆம்புளை வேணும். வயசு வந்தவன், அந்த ஊரிலயே குடியிருக்கிறவன். அதில ஒண்டு குறைஞ்சாலும் ஜும்ஆ கூடாது, தொழுதாலும் செல்லாது. எங்களுக்கும் இப்பிடி ஏதோ ஒரு சட்டம் இருக்குமெண்டு அவர் நினைச்சிருக்கார். இந்த மனிசன் இத்தின வருசமா ஒவ்வொரு ஞாயிறும் வேலியோரம் நிண்டு நாங்க போறதைப் பாத்து, ஐயோ பாவம், ஒராளை வெச்சுக்கொண்டு செய்யிறாங்க, கூடாத தொழுகையைக் கூடாதெண்டு தெரிஞ்சும் விடாமச் செய்யிறாங்களே எண்டு மனவருத்தப்பட்டிருக்கார்!

"இல்ல நானா. எங்களுக்கு ரெண்டு மூண்டு பேர் கூடினாலே கூடும். ஆண்டவர் சொன்னது அது."

"கூடினாக் கூடுமா?"

"கூடினாக் கூடும். பொம்புளையள் எண்டாலும் கூடும்."

"அட, லேசான சட்டமா இரிக்கே" எண்டு அதிசயப்பட்டார். "பிறகென்னத்துக்குப் பத்து?"

"அது ஆண்டவர்ட சட்டமில்ல. சேகரத்துச் சட்டம்."

நானா தலையை ஆட்டினார். சட்டம் போடுற ஆக்களைப் பற்றி ஏதோ மெல்லத் திட்டினார். பிறகு, "ஏழு பேர்தானே மிஸ்ஸி. நான் தாறன்" எண்டார். தொழுறதுக்கில்ல, சும்மா குந்தியிருக்க. முஸ்தாக், இன்பாஸ், ஸப்ரி, அவங்கட கூட்டாளிமார். எல்லாரும் நான் பெறவெச்ச புள்ளையள். மிஸ்ஸிக்காக ஒரு மணித்தியாலம் வாங்கில இருக்கிறதில என்ன நட்டம் எண்டார். பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கிட்டக் கேட்டா வேணாம் எண்டுதான் சொல்லுவார், அதனால கேக்கல்ல எண்டும் சொன்னார்.

வேணாம் நானா எண்டு சொல்லக் கிடந்தது என்ட வாய். சொல்லல்ல. ஓம் எண்டும் சொல்லல்ல. வேலியில காயப்போட்டிருந்த துவாயை எடுத்து உதறிக்கொண்டு நிண்டன். அதுதான் என்ட பிழை, நான் ஒளிக்கல்ல.

அந்த ரெண்டு கிழமையும் நான் நிலத்தில கால் வெச்ச ஞாபகமில்ல. சோறு அடிப்பிடிச்சிச்சு, தேத்தண்ணிக்கு உப்புப் போட்டன். கோயிலைக் கழுவினன், யன்னல் துடைச்சன், கடைசி வாங்கில பல்லி எச்சத்தைச் சுரண்டி எடுத்தன். கழுவின நிலத்தில வெயில் விழுந்து கூரையில தண்ணி வெளிச்சம் நெளிஞ்சுது. அதைப் பாத்துக்கொண்டே வாங்கில சாஞ்சு கிடந்தன். வாசல்ல ஆக்கள் வந்து செருப்புக் கழட்டுற சத்தம் கேட்டமாதிரி இருந்திச்சு. எழும்பிப் பாத்தா ஒரு நாய் நிக்குது. அதையும் விரட்ட மனமில்ல எனக்கு, உள்ளுக்க வாவன் எண்டன்.

கிருசிகாதான் ஒரு நாள் கேட்டா. "மிஸ்ஸி அன்ரி, இது சரியா?"

"எது சரியா? அவங்க அன்பில வாறாங்க."

"அவங்கட அன்பு சரிதான். எங்கட எண்ணிக்கை?"

"நீ குழந்தைக்குப் பால் குடு" எண்டு வாயை அடைச்சன். பாவம், அவ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிட்டா. உண்மையைச் சொல்லுற புள்ளையளோட எனக்கு அப்பிடித்தான் கோபம் வரும்.

அந்த ஞாயிறு வந்துது. பவிதரன் ஐயா மோட்டசைக்கிள்ல வந்து ஹெல்மெட்டைக் கழட்டினார். செல்லத்தம்பி அண்ணன் மணியை இழுத்தார். பன்னிரண்டாவது அடி அடங்க முதல், நானா முன்னால, ஆறு பேர் பின்னால, தெருவால நடந்து வாறாங்க. எல்லாரும் தலை தோய்ஞ்சு, பெருநாளுக்குப் போற மாதிரி வெள்ளைச் சேட்டு. கை கால் கழுவின தண்ணி இன்னும் காயல்ல. பள்ளிக்குப் போறமாதிரி வுளூச் செஞ்சிட்டு வந்திருக்காங்க, கோயிலுக்கு எப்பிடிப் போறதெண்டு அவங்களுக்கு வேற எப்பிடித் தெரியும்? வாசல்ல செருப்பை வரிசையா வெச்சாங்க. தொப்பியைப் போடுறதா எடுக்கிறதா எண்டு தெரியாம ஆளையாள் பாத்து, கடைசியில எடுத்து மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றில வெச்சாங்க.

நான் வாசலுக்கு ஓடினன். "நானா, றஸ்னா எப்பிடி?"

றஸ்னா நானாட கடைசி மகள். தலைப்பிரசவம். பிரஷர் கூடி முதல் நாள் பின்னேரம்தான் ஆஸ்பத்திரியில சேத்திருந்தாங்க. றாஹிலா ராத்தாவும் மருமகனும் அங்க நிண்டாங்க.

"இன்னும் ஒண்டுமில்ல மிஸ்ஸி. அல்லாட காவல்" எண்டார். முகம் வெளிறிக் கிடந்தது.

"அப்ப ஏன் இஞ்ச வந்தீங்க?"

"வாறன் எண்டு சொன்னன்தானே" எண்டார்.

ஏழு பேரும் கடைசி வாங்கில நெருக்கி இருந்தாங்க. ரெண்டு வாங்கில இருக்கலாம், ஆனா பிரியல்ல. பவிதரன் ஐயா ஒருக்கா அவங்களைப் பாத்தார், ஒருக்கா என்னைப் பாத்தார், ஒண்டும் கேக்காம ஆராதனையைத் தொடங்கினார். வெயில் அவங்கட வெள்ளைச் சேட்டுகள்ல விழுந்து கோயில் முழுக்க வெளிச்சமா இருந்திச்சு. ஆண்டவரே, என்ட வாழ்நாளில அப்பிடி ஒரு காலையை நான் கண்டதில்ல. எனக்கு நித்திரை வரல்ல. முழிச்சுக்கொண்டே கனவு காணுறதெண்டா அண்டைக்குத்தான் கண்டன். திரும்பித் திரும்பிப் பாத்தன். ஆள் இருந்திச்சு.

நாங்க பாட எழும்பினா அவங்களும் எழும்பினாங்க. நாங்க இருந்தா அவங்களும் இருந்தாங்க. மரியாதை. விசுவாசப் பிரமாணம் சொல்ல எழும்பினம். பிதா, குமாரன் எண்டு நான் சத்தமாச் சொல்லிக்கொண்டு போறன். ஏன் அப்பிடித் திரும்பினனோ தெரியாது, முஸ்தாக்கைப் பாத்தன். அவன் வாயை நல்லா இறுக்கி மூடிக்கொண்டு நிண்டான். சின்ன வயசில நான் போலியோச் சொட்டு விடப் போனா எப்பிடி மூடுவானோ, அப்பிடி. நெத்தியில வேர்வை. அந்தப் புள்ளைக்கு என்னில அவ்வளவு பாசம். காய்ச்சல்ல நான் படுத்தா முதல் ஆளா வந்து நிப்பான். அந்தப் பாசத்துக்காகக்கூட அவன்ட வாய் திறக்கல்ல. திறக்கவும் கூடாது. அது அவன்ட ஈமான், அவன்ட விசுவாசம்.

எனக்கு அந்த இடத்தில சொல்லு தடக்கிட்டு. மிச்சத்தைக் கிருசிகாவும் செல்லத்தம்பி அண்ணனும்தான் சொல்லி முடிச்சாங்க.

பிறகு மன்றாட்டு. மன்றாட்டு எப்பவும் என்ட பங்கு. நோயாளிகள், பிரயாணம் போறவங்க, நாடு, எல்லாம் சொன்னன். சொல்லி முடிக்கப் போக, கடைசி வாங்கில நானா நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தது தெரிஞ்சுது. "ஆண்டவரே, இந்த நேரம் ஆஸ்பத்திரியில வேதனையோட கிடக்கிற எங்கட புள்ளை றஸ்னா. நான் பெறவெச்ச புள்ளை அது. தாயையும் சேயையும் சுகத்தோட ரெண்டு பாத்திரமாப் பிரிச்சுத் தாரும்" எண்டன்.

"ஆமீன்!" எண்டு கடைசி வாங்கு ஏழு குரலில சொல்லிச்சு.

யன்னல்ல இருந்த புறா பறந்துபோற அளவுக்குச் சத்தம். சொன்ன பிறகுதான் அவங்களுக்கே விளங்கிச்சு. இன்பாஸ் வாயைப் பொத்தினான். ஸப்ரி நானாவைப் பாத்தான். நானா கண்ணைத் துடைச்சுக்கொண்டார். செல்லத்தம்பி அண்ணனுக்குக்கூடக் கேட்டிருக்கு, திரும்பிப் பாத்துச் சிரிச்சார். எங்கட மூண்டு ஆமென் அதுக்குள்ள எங்க போச்செண்டு தெரியல்ல.

ஆராதனை முடிய, அவங்க வெளியில வேப்பமரத்தடியில நிண்டாங்க. பவிதரன் ஐயா மேசையில படிவத்தை வெச்சு, பேனையை என்ட கையில தந்தார். எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வைக்கிறது நான்தான்.

"அன்ரி, இஞ்ச பாருங்க" எண்டு விரலை வெச்சுக் காட்டினார். "வழிபாட்டில் இருந்தோர் எண்டுதான் கேட்டிருக்கு. அங்கத்தவர் எண்டு இல்ல. அவங்க இருந்தாங்கதானே. ஜெபத்துக்கு ஆமென்கூடச் சொன்னாங்க. நீங்க பத்து எண்டு போட்டா நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

"அதுதான் ஐயா எனக்குப் பயம். ஒருத்தரும் கேக்கமாட்டீங்க."

பேனை கையில இருக்கு. வாசலால பாத்தா வெள்ளைச் சேட்டுகள் மர நிழல்ல அசையுது. ஒரு ஒண்டு. ஒரு சுழி. அவ்வளவுதான் வேலை. கோயில் இருக்கும், மணி அடிக்கும், நான் சாகுமட்டும் இந்த வாங்கில இருந்து தூங்கலாம். பொய்யெண்டு ஆர் சொல்லுவான்? ஆனா முஸ்தாக் மூடியிருந்த வாய் என்ட கண்ணுக்குள்ளயே நிண்டுது. அவன் எனக்காக வந்து, தன்ட வாயைத் தன்ட அல்லாவுக்காக மூடி வெச்சிருந்தான். நான் பத்து எண்டு எழுதினா, அந்த வாயை நான் இழுத்துத் திறந்தமாதிரி. அந்த ஆமீன் றஸ்னாவுக்குச் சொன்னது. சேகரத்துக்குச் சொன்னதில்ல.

மூண்டு எண்டு எழுதினன். சிறுவர் எண்ட இடத்தில ஒண்டு போட்டன்.

பவிதரன் ஐயா படிவத்தைத் தன்ட பக்கம் திருப்பி வாசிச்சார். "இதுக்கு மேல என்னால ஒண்டும் செய்ய ஏலாது அன்ரி" எண்டார். நான் இடுப்பில இருந்த திறப்பைக் கழட்டி மேசையில வெச்சன். ஐயா அதை எடுக்காம வெளிய போகப் பாத்தார். கூப்பிட்டுக் கையில குடுத்தன்.

வெளியில வந்து நானாவுக்குச் சொன்னன். மனிசனுக்கு வந்துதே கோபம்! "மூண்டா? அப்ப நாங்க ஏழு பேர் என்னத்துக்கு வந்த? வாங்கைச் சூடாக்கவா?" எண்டார். அவர்ட போன் அடிச்சுது. எடுத்துக் காதில வெச்சார், முகம் மாறிச்சு, அப்பிடியே மரத்தில சாஞ்சார். பொம்புளைப் புள்ளை. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. "அல்ஹம்துலில்லாஹ்" எண்டு ஏழு பேரும் சொன்னாங்க. நான் ஸ்தோத்திரம் எண்டன். பிறகு எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க, செருப்பை மாத்திப் போட்டுக்கொண்டு.

மூண்டு நாள் நானா வேலிப் பக்கம் வரல்ல. புதன்கிழமை பின்னேரம் பேத்தி பிறந்ததுக்கு இனிப்பு எண்டு வட்டிலப்பத்தோட வந்தார். வேலிக்கு அங்கால நிக்காம, கேற்றைத் திறந்து வந்து என்ட விறாந்தைக் கதிரையில இருந்தார். கோபம் இல்ல. களைச்சுப்போன மாதிரி இருந்தார்.

"மிஸ்ஸி, உங்களுக்குத் தெரியாத கதை ஒண்டு. என்ட வாப்பாட கதை" எண்டார்.

நானா சின்னப் புள்ளையா இருக்கக்குள்ள நாவிதன்வெளிப் பக்கம் வயல்காட்டுக்குள்ள குடியிருந்தாங்களாம். தொழுறதுக்கு ஒரு ஓலைப் பள்ளி. ஆம்புளையள் எல்லாரையும் எண்ணினா முப்பத்தொம்பது பேர். நாப்பதுக்கு ஒராள் குறைவு. வெள்ளிக்கிழமை வந்தா எல்லாரும் தோய்ஞ்சு உடுத்து வருவாங்களாம், ஒவ்வொரு வெள்ளியும் எண்ணிப் பாப்பாங்களாம். முப்பத்தொம்பதுதான். ஜும்ஆ இல்லாம வழமையான பகல் தொழுகை லுஹரைத் தொழுதிட்டு, தலையைக் குனிஞ்சுகொண்டு வயலுக்குப் போவாங்களாம்.

"ஒரு வெள்ளி மாட்டு யாவாரி ஒருத்தர் வழியில வந்து சேந்தார். நாப்பது! சனத்துக்குச் சந்தோசம் தாங்க ஏலல்ல. வாப்பாதான் முன்னுக்கு நிண்டு தொழுவிக்கிற ஆள். அவர் சொன்ன, இவர் வழிப்போக்கர், இந்த ஊர்வாசி இல்ல, கணக்கில சேரமாட்டார் எண்டு. எல்லாரும் கெஞ்சின. ஒருத்தரும் கேக்கப்போறதில்ல எண்டு சொன்ன. வாப்பா விடல்ல. அண்டைக்கும் லுஹர்தான். எனக்குப் பத்து வயசு. எனக்கு வாப்பாவில வந்த கோபத்துக்குச் சோறு தின்னல்ல."

"பிறகு?"

"நாலு வருசம் அப்பிடியே. ஆராவது வந்து குடியேறுவாங்க எண்டு பாத்தாங்க, வரல்ல. வேற ஒரு வழிதான் இரிந்திச்சு." நானா சிரிச்சார். "ஊர் முழுக்க என்ட குரல் உடையிற வரைக்கும் பாத்துக்கொண்டு இரிந்தாங்க மிஸ்ஸி. வயலுக்குப் போனா, எங்க மனே, ஒரு சொல்லுச் சொல்லு, குரலைக் கேப்பம் எண்டுவாங்க. வயசு வந்தவன் எண்டு ஆனபிறகு வந்த முதல் வெள்ளி, வாப்பா என்ட கையைப் பிடிச்சுப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான்தான் நாப்பது. முப்பத்தொம்பது ஆம்புளையும் அழுதாங்க."

"அந்தப் பள்ளி இப்ப இருக்கா நானா?"

"இல்ல. பிரச்சினை காலத்தில எல்லாம் போச்சு. இப்ப அங்க வெறும் வயல்."

கடல் இரைச்சல் கேட்டுது. வட்டிலப்பத்தில ஒரு எறும்பு ஏற, அதைத் தட்டிவிட்டன்.

"நானா, உங்கட வாப்பா அந்த மாட்டு யாவாரியைச் சேத்திருந்தா?"

"அதைத்தான் மிஸ்ஸி மூண்டு நாளா நானும் யோசிக்கன்" எண்டார். "சேத்திருந்தா, பிறகு வாற ஒவ்வொரு வெள்ளியும் ஆரையாவது பிடிச்சுச் சேத்திருப்பாங்க. நான் பெரியாளாகி வந்து நிக்கக்குள்ள நாப்பத்தொண்டோ நாப்பத்திரெண்டோ. எனக்காக ஒருத்தரும் பாத்துக்கொண்டு இரிந்திருக்கமாட்டாங்க."

நான் வாய்விட்டு அழுதன். வயசுபோன மனுசி, வெக்கமில்லாம, விறாந்தையில இருந்து அழுதன். நானா எழும்பி, வட்டிலப்பத்தை மூடிவெச்சிட்டுப் போனார்.

இப்ப கோயில் பூட்டிக் கிடக்கு. ஞாயிறு ஏழு மணிக்கு என்ட வீட்டு ஹோலில கூடுறம். செல்லத்தம்பி அண்ணன், கிருசிகா, குழந்தை, நான். போன ஞாயிறு பவிதரன் ஐயா போன் எடுத்து, எத்தின பேர் அன்ரி வந்த எண்டு கேட்டார்.

"மூண்டு பேர் ஐயா" எண்டன். "இன்னும் ஏழு பேர் வர இருக்கு. பாத்துக்கொண்டு இருக்கம்."